காந்தம் விடாத பிளேட்

அத்தியாயம் ஏழு

"காலா உயிரான்னு கேட்டா, யாரும்மா காலைக் கேப்பாங்க? கையெழுத்தைப் போட்டுடு."

சொன்னவர் ஆரஞ்சுச் சுளையில் நாரைப் பிரித்துக்கொண்டே சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவள் அவருக்கு மருமகள் முறை. மடியிலிருந்த சம்மதத் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தாள்.

கட்டிலில் கிடந்தவன் அவள் கணவன். சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவன். ஏணியும் சாரமும்தான் அவனுக்குச் சோறு. அவனும் அவன் அப்பாவும் ஒரே சாரத்தில் நின்று வேலை செய்தபோது கயிறு அறுந்து இருவரும் விழுந்தார்கள். இருவருக்கும் தொடை எலும்பு முறிந்தது. இதே ஆஸ்பத்திரியில், ஒரே நாளில், இருவருக்கும் எலும்போடு பிளேட் வைத்து முடுக்கினார்கள். டைட்டானியம், உடம்போடு உடம்பாகிவிடும், துரு என்ற பேச்சே கிடையாது என்று சொல்லித்தான் வைத்தார்கள்.

அப்பாவின் தொடை கறுத்தது. சீழ் கட்டியது. விஷம் ரத்தத்தில் ஏறி, போன வாரம் அவர் போய்ச் சேர்ந்தார். இப்போது மகனின் தொடையும் அதே ரோட்டில் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. விடிந்ததும் காலை எடுத்துவிடுவது என்று பெரிய டாக்டர் முடிவு செய்துவிட்டார். இன்று விளக்கு வைப்பதற்குள் மனைவி கையெழுத்துப் போட வேண்டும்.

அறைக்குள் பினாயில் வாடை தூக்கலாக இருந்தது. அதற்கடியில் இன்னொரு வாடை. பூச்சாடியில் வாரக்கணக்காக மாற்றாத தண்ணீரை யாரோ கவிழ்த்துவிட்டதுபோல. ஜன்னலோரம் நின்ற இரண்டு பெண்களில் இளையவள் முந்தானையை மூக்கில் வைத்திருந்தாள். மூத்தவள் வைக்கவில்லை. மூக்கைப் பொத்தினால் பாதி கேஸ் போய்விடும் என்பது அவள் கட்சி.

மூத்தவள்தான் மருமகள் தேடிப் பிடித்த துப்பறிவாளர். ஊருக்கே அவள் அண்ணி. காரணம் பக்கத்தில் நிற்கும் இளையவள். அண்ணியுடைய புருஷனின் தங்கை. வேலைக்கு உதவியாளர், உறவுக்கு நாத்தனார். நாளெல்லாம் "அண்ணி, அண்ணி" என்று அவள் போட்ட கூப்பாட்டில் போலீஸ் ஸ்டேஷன்வரை அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த வாய்க்குச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறாயே என்று அவள் அண்ணனே மனைவியிடம் கேட்டதுண்டு. வாயை இலவசமாக வீட்டில் வைத்திருப்பதைவிடச் சம்பளத்துக்கு வெளியில் வைப்பது மேல் என்று அண்ணி சொல்லிவிட்டாள்.

ஆரஞ்சு உரித்தவர் செத்துப்போனவரின் தம்பி. மருமகளுக்குச் சின்ன மாமனார், கட்டிலில் கிடப்பவனுக்குச் சித்தப்பா. இந்த ஆஸ்பத்திரியின் ஸ்டோர் அவர் பொறுப்பு. மருந்து, துணி, கட்டில், பிளேட், திருகு எல்லாம் அவர் கை வழியாகத்தான் மேலே வரும். அண்ணனையும் பிள்ளையையும் சலுகையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அண்ணன் போனபோது அழுதவர், இப்போது ராப்பகலாகப் பிள்ளையின் பக்கத்தில் இருப்பவர். தங்கமான மனுஷன் என்று நர்ஸ்களெல்லாம் சொன்னார்கள்.

அந்தத் தங்கத்தின் கட்டைவிரலில் பிளாஸ்திரி இருந்தது. அண்ணி அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார். பழம் வெட்டும்போது கத்தி பட்டுவிட்டது என்றார். உடனே கீழே போய் ஊசி போட்டுக்கொண்டாராம். புஜம் இன்னும் கனக்கிறதாம்.

"பழம் வெட்டினதுக்கு ஊசியா?" என்றாள் நாத்தனார். "அந்தக் கணக்குல பார்த்தா, தினம் காய் நறுக்கற நான் இந்நேரம் சல்லடை ஆகியிருக்கணும். உடம்பை நல்லா பார்த்துக்கறீங்க சார்."

ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவனுக்குப் பயம் ஜாஸ்தி என்று அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு. பல்லெல்லாம் வரிசையாக இருந்தது.

எடுத்த காலை என்ன செய்வார்கள் என்று அண்ணி சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அதையெல்லாம் நீங்க நினைச்சுப் பார்க்காதீங்க," என்றார் சின்ன மாமனார். "பின்னாடி எரிக்கிற மெஷின் இருக்கு. நானே கூட நின்னு முடிச்சுடறேன்."

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "என் காலைப் பத்திப் பேசறீங்க சித்தப்பா. நான் முழிச்சுட்டுதான் இருக்கேன்."

அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. சித்தப்பா மட்டும் ஒரு சுளையை நீட்டினார். அவன் வாயைத் திறக்கவில்லை.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் நாத்தனார் மூக்கிலிருந்து முந்தானையை எடுத்து ஆழமாக மூச்சு விட்டாள். பெரிய டாக்டரைக் காலையிலேயே பார்த்தாகிவிட்டது. அவர் நின்றபடியே பேசினார். சில உடம்பு உலோகத்தை ஏற்காது என்றார். பிளேட்டை எடுத்துப் பார்க்கலாமே என்று அண்ணி கேட்டதற்கு, இந்த நிலைமையில் தொடையைத் திறந்து தோண்டுவதென்றால் தக்க காரணம் வேண்டும், பிளேட்டில் குறை என்று காட்டினால் திறக்கிறேன், காட்ட முடியாவிட்டால் உயிரைக் காப்பாற்ற விடுங்கள் என்று சொல்லி நடையைக் கட்டினார்.

"அப்ப மாமனாரோட பிளேட் வேணும்," என்றாள் அண்ணி.

"அவர்தான் எரிஞ்சுட்டாரே அண்ணி."

"அவர் எரிஞ்சார். பிளேட் எரியாது."

வாசலில் வாட்ச்மேன் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். போகிற வருகிறவர்களிடமெல்லாம் கழுத்துக்குக் கீழே தன் காறை எலும்பைத் தட்டிக் காட்டுவது அவர் வழக்கம். வண்டியிலிருந்து விழுந்து எலும்பு முறிந்ததாம், ஊழியர் என்பதால் ஆஸ்பத்திரியே இலவசமாகப் பிளேட் வைத்துக் கொடுத்ததாம். "விமானம் செய்யற உலோகம்மா. எனக்குள்ள இருக்கு," என்றார்.

"அப்ப சீக்கிரம் பறந்துடாதீங்க," என்றாள் நாத்தனார். "திரும்பி வரும்போது கேட்டைத் திறக்க ஆள் வேணும்."

மின்சாரச் சுடுகாடு லாரி ஷெட்டுகளுக்கு நடுவில் இருந்தது. உள்ளே போனபோது உலைக்காரர் சாம்பல் சலிக்கும் மேஜையின் ஓரத்திலேயே டிபன் டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை அலம்பிவிட்டு வந்து மரியாதையாகப் பேசினார். நாத்தனார் டப்பாவையும் மேஜையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இன்று மத்தியானம் தனக்குப் பசிக்காது என்று அண்ணியின் காதில் சொன்னாள்.

வேலை எப்படி நடக்கும் என்று அண்ணி கேட்டாள். உலைக்காரர் காட்டினார். உடலைப் பெட்டியோடுதான் உள்ளே தள்ளுவார்கள். தட்டு வெளியே வந்து ஆறியதும், ஒரு பெரிய காந்தத்தை அதன்மேல் ஓட்டுவார். பெட்டியின் ஆணி, கீல், பூட்டு எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதெல்லாம் கறுப்பு டிரம். காந்தத்துக்கு வராமல் சாம்பலில் தங்கும் உலோகத்தை இடுக்கியால் பொறுக்குவார். மனுஷனுக்குள் வைத்த சாமான் அது. மூட்டு, கம்பி, பிளேட். அது நீல டிரம். வருஷத்துக்கு ஒரு தடவை யாரோ வந்து உருக்கக் கொண்டுபோவார்கள்.

நீல டிரம்மை அவர் கவிழ்த்துக் கொடுத்தார். முழங்கால்கள், இடுப்புப் பந்துகள், நீளக் கம்பிகள், சின்னச் சின்னத் திருகுகள். வெந்து, சாயம் மாறி, ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன.

"இதுல ஒரு தெருவே எழுந்து நடக்கற அளவுக்குச் சாமான் இருக்கு," என்றாள் நாத்தனார். சொல்லிவிட்டு, தன் காலைத் தானே ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

மாமனாரின் எக்ஸ்ரேயை மருமகள் கொடுத்து அனுப்பியிருந்தாள். அதில் பிளேட்டின் மூன்றாவது ஓட்டையில் திருகு பாதியில் முறிந்து நின்றது தெளிவாகத் தெரிந்தது. அண்ணி ஒவ்வொரு பிளேட்டாக எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் படத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் பொருந்தவில்லை.

"உங்களுக்கு முன்னாடியே ரெண்டு பேர் தேடிட்டுப் போயிட்டாங்க," என்றார் உலைக்காரர். "இதுவரைக்கும் இங்க வந்து யாரும் எதையும் திருப்பிக் கேட்டதில்ல. இப்ப ஒரே பிளேட்டுக்கு மூணாவது ஆள் நீங்க."

முதலில் வந்தவர் டாக்டராம். காரில் வந்தார், கையுறை போட்டுக்கொண்டார், நீல டிரம்மை அடிவரை கிளறினார். கிடைக்கவில்லை. வெளியே போய் மரத்தடியில் ரொம்ப நேரம் சும்மா நின்றாராம். அடுத்த நாள் இன்னொருவர். தொப்பி, முகமூடி. நீல டிரம் இதோ என்று காட்டியதற்கு அதன் பக்கம் திரும்பவே இல்லை. ஆணி போடுகிற டிரம் எது என்று கேட்டார். கையுறை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்குள் கையை விட்டுத் துழாவினார். அவருக்கும் கிடைக்கவில்லை. திட்டிக்கொண்டே, கையை உதறிக்கொண்டே போய்விட்டார்.

"டாக்டர்தான் அண்ணி," என்று நாத்தனார் கிசுகிசுத்தாள். "தப்பு பண்ணினவர்தான் தடயத்தைத் தேடி வருவார். மூஞ்சியைப் பார்த்தபோதே நினைச்சேன். நின்னுக்கிட்டே பேசறவங்களை நான் நம்பறதில்ல."

"நீ உட்கார்ந்து பேசறவங்களையும் நம்ப மாட்டே. அவர் எந்த டிரம்ல தேடினார்?"

"நீலத்துல."

"அதை மறந்துடாதே," என்று மட்டும் சொன்னாள் அண்ணி.

கறுப்பு டிரம்மையும் கொட்டிப் பார்த்தார்கள். ஆணியும் கீலும்தான். நாத்தனாரின் புடவை முழுக்கச் சாம்பல். அது யாருடைய சாம்பல் என்று யோசிக்கக் கூடாது என்று அவள் தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டாள். மணி நான்கைத் தாண்டிவிட்டது. மருமகள் போன் செய்தாள். சின்ன மாமா பேனாவைக் கையில் கொடுத்துவிட்டார், என்ன செய்யட்டும் என்று கேட்டாள். பேனாவில் மை இல்லை என்று சொல், கொஞ்சம் பொறு என்றாள் அண்ணி.

புறப்படும்போதுதான் அடுத்த தட்டு வெளியே வந்தது. உலைக்காரர் சுவரில் கொக்கியில் தொங்கிய காந்தத்தை எடுத்தார். காந்தம் எது என்றே தெரியவில்லை. சுற்றிலும் ஆணிகள் குத்திட்டு நின்றன.

"இதுக்கு முகச்சவரம் பண்ணி எவ்வளவு நாளாச்சு?" என்றாள் நாத்தனார். "எங்க அண்ணன் ஞாயித்துக்கிழமைல இப்படித்தான் இருப்பார்."

உலைக்காரர் சிரித்தார். தாடி கனத்தால்தான் சுரண்டுவது என்றார். தினம் சுரண்டினால் கை போய்விடும். மேலாக இருப்பதை உதறி டிரம்மில் போட்டுவிட்டு, அடியில் ஒட்டியதை அப்படியே விட்டுவிடுவது அவர் பழக்கம்.

வாசற்படியில் கால் வைத்த அண்ணி நின்றாள். "போன வாரத்திலேருந்து சுரண்டலையா?"

"இல்லம்மா."

"இப்ப சுரண்டுங்க."

கரண்டி போட்டு நெம்பினார். ஆணிகள் கொத்துக்கொத்தாக விழுந்தன. கடைசியில், காந்தத்தின் மார்போடு மார்பாக, கருகிய நீளத் தகடு ஒன்று படுத்திருந்தது. கரண்டிக்கு அது வரவில்லை. உலைக்காரர் ஒரு பக்கமும் நாத்தனார் ஒரு பக்கமும் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. மூன்றாவது ஓட்டையில் பாதித் திருகு நின்றது. எக்ஸ்ரேயின்மேல் வைத்தபோது நிழலும் பொருளுமாகப் பொருந்தியது.

நாத்தனார் கையில் ஒட்டிய கரியைப் புடவையில் துடைத்தாள். பிறகு, டைட்டானியம் இப்படிக் கட்டிப் பிடித்துக்கொள்ளுமா என்று கேட்டாள்.

"பிடிக்காது. உடம்புக்குள்ள வைக்கத் தகுந்த எந்த உலோகமும் காந்தத்துக்கு இப்படி ஒட்டாது. அதனாலதான் இவருக்கு ரெண்டு டிரம். மனுஷனுக்குள்ள இருந்தது ஒண்ணு, பெட்டில அடிச்சது ஒண்ணு." அண்ணி தகட்டின் ஓரத்தை நகத்தால் வருடினாள். ஒரு பக்கம் மட்டும், நீளவாக்கில், லேசாகக் குழிந்து ஓடியது. வாய்க்கால் மாதிரி. "இது எதுக்கு? பிளேட்டுக்கு வாய்க்கால் எதுக்கு?"

தெரியவில்லை. உலைக்காரரிடமிருந்த பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை, உள்ளங்கை அகலம், இரவல் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்கள். வழியில் அண்ணி இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்து, ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், யாரைப் பிடிப்பது என்று வந்தபிறகு சொல்கிறேன் என்றாள். அவர் பழகிய மனுஷர். சரி என்றார்.

ஸ்டோரை ஒரு கண் பார்க்க வேண்டும் என்று அண்ணி சொன்னதும் வாட்ச்மேன் பின்பக்கப் படி வழியாக அழைத்துப்போனார். ஸ்டோர் பூட்டியிருந்தது. எதிரே பிணவறை. இரண்டுக்கும் நடுவில் இருந்த குறுகிய இடைவெளியில், கழித்துப் போட்ட சாமான்களைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். இதெல்லாம் ஸ்டோர் சாரின் பொறுப்பு, வேறு யாரும் தொடக் கூடாது என்றார் வாட்ச்மேன். அண்ணி தார்ப்பாயைத் தூக்கினாள்.

உடைந்த கட்டில்கள், சக்கரம் போன நாற்காலி, அவற்றுக்குப் பின்னால் நீளமான ஸ்டீல் மேஜை. மேஜையில் பாதிதான் இருந்தது. மேல் தகட்டைப் பட்டை பட்டையாக வெட்டி எடுத்திருந்தார்கள். மிச்சமிருந்த பாதியில், ஓரத்தில் ஒன்று, நடுவில் இரண்டு என்று குழிந்த கோடுகள் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு ஓடி, ஒரு ஓட்டையில் போய் முடிந்தன. கோடுகளின் ஓரமெல்லாம் பழுப்புத் துரு.

"இது பழைய மேஜைம்மா," என்று வாட்ச்மேன் பிணவறைக் கதவைக் காட்டினார். "உள்ள புதுசு வந்ததும் இதைத் தூக்கிப் போட்டுட்டாங்க. அறுத்துப் பார்க்கறப்ப தண்ணி வடியறதுக்குத்தான் அந்தக் கோடு. தண்ணின்னா தண்ணி மட்டும் இல்ல."

அண்ணி கைப்பையிலிருந்து தகட்டை எடுத்தாள். வெட்டிய ஓரத்தில், கோடு அறுந்த இடத்தில் வைத்தாள். வாய்க்கால் விட்ட இடத்தில் வாய்க்கால் தொடர்ந்தது. ஸ்பீக்கர் காந்தத்தை மேஜையில் வைத்தாள். டப்பென்று பிடித்துக்கொண்டது.

நாத்தனார் வாயில் கையை வைத்துக்கொண்டு படியேறி ஓடினாள். சிரிப்பை அடக்க அல்ல. அவள் வாயைக் கழுவிக்கொண்டு வரும்வரை அண்ணி காத்திருந்தாள். வந்தவள் சொன்னாள்: "அண்ணி, பிணத்தைக் கிடத்தின தகட்டைக் கொண்டுபோய் உயிரோட இருக்கறவன் தொடைக்குள்ள வச்சுத் தைச்சிருக்காங்க."

"ஆமா."

"திருடறதுலகூடச் சிக்கனமா? நல்லதைத் திருடி வித்தான், சரி. அதுக்குப் பதில் வைக்க நாலு காசு போட்டு ஒரு தகடு வாங்கக்கூடாதா?"

மேலே அறையில் விளக்கு போட்டுவிட்டார்கள். பெரிய டாக்டர் வந்திருந்தார். மருமகள் புதுப் பேனாவைக் கையில் வைத்திருந்தாள். அதைக் கொண்டுவந்து கொடுத்த சின்ன மாமனார், கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைப் பிளாஸ்திரி விரலால் காட்டிக்கொண்டிருந்தார். அண்ணி ஒன்றும் சொல்லாமல் தகட்டைச் சம்மதத் தாளின்மேல் வைத்தாள். காந்தத்தைப் பக்கத்தில் வைத்தாள். தகடு தானாக நகர்ந்து போய் ஒட்டிக்கொண்டது.

டாக்டரின் முகம் மாறியது. ஆனால் உடனே, உலையில் வெந்த உலோகம் எப்படி வேண்டுமானாலும் மாறும், இதை வைத்து எதையும் சொல்ல முடியாது என்றார். சரிதான் என்று சின்ன மாமனார் தலையாட்டினார்.

"நீங்க கிளறின நீல டிரம்ல இருந்ததும் அதே உலைல வெந்ததுதான் டாக்டர்," என்றாள் அண்ணி. "அதுல ஒண்ணுகூட ஒட்டலை. இதோட மிச்சம் வேகாம கீழ கிடக்கு. பிணவறைக்கு வெளியே. வாங்க, காட்டறேன்."

டாக்டர் போகவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. இரண்டாவது தொடையும் கறுத்தபோதே சந்தேகம் வந்தது, அதனால்தான் தேடிப் போனேன், பிளேட்டில் கம்பெனி முத்திரை இருக்கிறதா என்று பார்க்க நினைத்தேன் என்று மெல்லச் சொன்னார்.

"கையில வாங்கித்தானே வச்சீங்க? பார்க்கலையா?"

"உறையைப் பார்த்தேன். டைட்டானியம்னு போட்டிருந்தது."

"சந்தேகம் வந்ததை இந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? பேர் கெட்டுடும்னு வாயை மூடிக்கிட்டு, காலை வெட்ட நாள் குறிச்சீங்க." அண்ணியின் குரல் உயரவில்லை. அழுக்குத் துணியை விரல்நுனியால் தூக்கிப் போடுகிறவள்போல அவரை விட்டுவிட்டுத் திரும்பினாள். "ஆனா நீங்க நீல டிரம்லதான் தேடினீங்க. நல்ல உலோகம்னு நம்பினவங்க தேடற இடம் அது. இன்னொருத்தர் நேரா ஆணி டிரம்முக்குப் போனார். அவருக்குத் தெரியும், அது ஆணியோட சேர்ந்த ஜாதின்னு. மாத்தி வச்சவனுக்குத்தான் அது தெரியும்."

நாத்தனார் சின்ன மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் அவர் கட்டைவிரலில் போய் நின்றது. "அதான் ஊசி," என்றாள். "பழம் வெட்டற கத்திக்கு யாராவது ஊசி போட்டுப்பாங்களான்னு அப்பவே கேட்டேன். துருப்பிடிச்ச ஆணி குத்தினாத்தான் போட்டுப்பாங்க."

அவர் கையைப் பின்னால் கொண்டுபோனார். நல்ல சிரிப்பு ஒன்றை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தார், அது நிற்கவில்லை. கட்டிலிலிருந்தவன் தலையைத் திருப்பினான்.

"சித்தப்பா. உங்க கட்டைவிரலுக்கு ஊசி போட்டுக்கிட்டீங்க. என் தொடைக்குள்ள?"

அவர் அழவில்லை. ரொம்ப நாளாக நடக்கிற விஷயம் என்பதுபோலத்தான் சொன்னார். நல்ல பிளேட் வரும், வெளியே போகும். அதற்குப் பதில் பழைய தகட்டை லேத் பட்டறையில் வெட்டி, பாலிஷ் போட்டு, பழைய உறையில் வைத்து மேலே அனுப்புவார். மேஜைத் தகடு கெட்டி, கனமும் சரியாக இருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லையே என்றார்.

"சொந்த அண்ணன்," என்றாள் மருமகள். "நீங்க தோள்ல தூக்கி வளர்த்த பிள்ளை. இவங்களுக்காவது நல்லதை வச்சிருக்கலாமே மாமா."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். நிஜமாகவே வருத்தப்படுகிறவர் முகம்தான் அது.

"ஸ்டாக்ல வேற இல்லம்மா."

மருமகள் மேஜையிலிருந்த ஆரஞ்சுத் தட்டை எடுத்தாள். உரித்த சுளைகளோடு அப்படியே குப்பைக் கூடையில் கவிழ்த்தாள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடி கழுவினாள். இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தபோதும் கழுவிக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்த நாள்வரை காத்திருக்கவில்லை. டாக்டர் உடனே தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார். பிளேட்டை எடுத்து, அழுகியதைச் சுரண்டிக் கழுவி, வெளியிலிருந்து கம்பி கொடுத்து எலும்பை நிறுத்தப் பார்ப்பதாகச் சொன்னார். வேறு ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவரைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும் என்று அண்ணி சொன்னதற்கு மறுபேச்சுப் பேசவில்லை.

வந்த டாக்டர் பெண். முடித்துவிட்டு ஒரு தட்டோடு அவளே வெளியே வந்தாள். தட்டில் பழுப்புத் தண்ணீர். அதற்குள் ஒரு தகடு, அடிப்பக்கம் அரித்து, குழிகுழியாக. வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்கள். அண்ணியே இந்தத் தடவை முந்தானையைத் தேடினாள். மருமகள் மட்டும் தட்டுக்கு நேராகக் குனிந்து பார்த்தாள்.

"கால்?"

"இருக்கு," என்றாள் அந்த டாக்டர். "ஏணி ஏற நாளாகும். ஆனா இருக்கு."

சம்மதத் தாளை மருமகள் கிழிக்கவில்லை. அதிலேயே அந்தத் தகட்டைச் சுற்றி, இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தாள்.

வாசலுக்கு வரும்போது நாத்தனாருக்கு வாய் திரும்பியிருந்தது. வீட்டுக்குப் போனதும் ஸ்டீல் பாத்திரத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு மண்சட்டிக்கு மாறப்போவதாகவும், அண்ணன் கேட்டால் அண்ணிதான் சொன்னாள் என்று சொல்லப்போவதாகவும் பேசிக்கொண்டே வந்தாள். கேட் அருகில் வாட்ச்மேன் நின்றார். ஆட்டோ பிடிக்க அவர் நகரவில்லை. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டிருந்தார்.

"அம்மா. அந்தக் காந்தம் உங்ககிட்டத்தானே இருக்கு?"

அண்ணி இருக்கிறது என்றாள். நாளைக்கு எல்லோரையும் கூப்பிட்டுச் சோதிப்பார்கள், டாக்டர்களே பார்ப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. பெண் பிள்ளைக்குப் போன் செய்து சொல்ல வேண்டும் என்றார். ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும் என்றார். காலரை விலக்கினார். தோலுக்கு அடியில், விரல் நீளத்துக்கு, ஒரு மேடு தெரிந்தது.

அண்ணி கைப்பையைத் திறந்தாள். வாட்ச்மேன் வானத்தைப் பார்த்தபடி முகத்தை உயர்த்தி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். அண்ணி காந்தத்தை அந்த மேட்டின்மேல் வைத்தாள். மெல்ல விரல்களை எடுத்தாள்.

"விழுந்துடுச்சாம்மா?" என்று கேட்டார் வாட்ச்மேன்.

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் நாத்தனார், அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்கம்மா. விழுந்துடுச்சா?"